துண்டுக்கு அடியில் ஒரு கடவுச்சொல்

வெங்காய மண்டியின் அலுவலகம் சாலைக்கு இந்தப் பக்கம். குடோன் அந்தப் பக்கம். நடுவில் லாரிகள். இரண்டையும் இணைக்கச் சாலைக்குக் குறுக்கே, தலைக்கு மேலே, நெட்வொர்க் கேபிள் கட்டியிருந்தோம். முதல் தடவை அதை வைக்கோல் லாரி இழுத்துக்கொண்டு போனது. அடுத்த தடவை காலிச் சாக்கு ஏற்றிய லாரி. அதற்கும் அடுத்த தடவை, கேபிளைக் கட்டியிருந்த மண்டியின் பெயர்ப்பலகையும் சேர்ந்து பழனி ரோடு வரைக்கும் போய்விட்டது. பலகையை லாரிக்காரரே திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார். கேபிளை என்ன செய்தார் என்று யாரும் கேட்கவில்லை.

"இந்த வயரு நமக்கு ஆகாதுத்தா," என்றார் முதலாளி. "பேசாம பழையபடி எடையச் சீட்டுல எழுதி ஆளுகிட்டக் குடுத்து விட்ருவோம்."

இரண்டாயிரம் பிறந்து ஐந்தாறு ஆண்டுகள் ஆகியிருந்த அந்தச் சமயத்தில், திண்டுக்கல்லில் கணினி படித்த பெண்ணுக்குக் கிடைத்த வேலைகளை நான் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுக்கலாம். பிரவுசிங் சென்டரில் கல்லாவில் உட்காரலாம். பெங்களூருக்கு ரயில் ஏறலாம். என்னோடு படித்தவர்கள் பெரும்பாலும் ரயில் ஏறிவிட்டார்கள். நான் அந்த வரிசையில் இல்லாத ஒன்றைத் தேடிப் பிடித்திருந்தேன்: ஒரு மண்டியின் கணினிகள் அனைத்தையும் பொறுப்பெடுத்து நடத்துவது. பள்ளி ஆசிரியரான அப்பா சத்தம் போடாமல்தான் சொன்னார். "தை வரைக்கும் பாரு. சரிப்படலைன்னா சித்தி வீட்டுக்குப் பெங்களூரு போயிரு." நான் இந்த ஊரிலேயே, படித்த வேலையையே செய்ய நினைத்தேன். சீட்டு திரும்பி வந்தால் கணினிக்கு வேலை இல்லை. கணினிக்கு இல்லையென்றால் எனக்கும் இல்லை.

"வயர் இல்லாமலே அனுப்பலாங்கய்யா," என்றேன்.

வாசலில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த லோடுமேன்களின் தலைவர் திரும்பிப் பார்த்தார். "காத்துலயா? அப்பச் சரி. எங்கள மாதிரி கூலி கேக்காது."

மண்டிக் கணினிகளில் ஓடியது விண்டோஸ் இல்லை, லினக்ஸ். நான் சேர்வதற்கு முன்பு வைரஸ் ஒன்று வந்து ஒரு சீசன் கணக்கை விழுங்கிவிட்டுப் போயிருந்ததால், நான் எதைப் போட்டாலும் சரி என்று முதலாளி விட்டிருந்தார். கம்பியில்லாமல் அனுப்புவதற்காக வாங்கிய வயர்லெஸ் கார்டோடு வந்த சிடியில் லினக்ஸுக்கு ஒன்றும் இல்லை. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, யாரோ ஒரு புண்ணியவான் எழுதிவைத்த, கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளின் மூல நிரலை இறக்கி, மண்டிக் கணினியில் கம்பைல் செய்து, பிழைச் செய்திகளை ஒவ்வொன்றாகத் தீர்த்தேன். அலுவலகத்தில் ஓரமாகக் கிடந்த பழைய கணினி, அலைகளை அனுப்பி வாங்கும் நிலையம் ஆனது. குடோனில் எடைமேடைக்குப் பக்கத்தில் இருந்த கணினி, அதைக் கேட்டு நடக்கும் இன்னொரு முனை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து நேராகக் குடோனுக்குப் போனேன். காலிக் குடோன். இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு 'இருக்கிறாயா' என்று கேட்கும் ஒரு கட்டளை உண்டு. கேட்டேன். இருக்கிறேன், இருக்கிறேன், இருக்கிறேன் என்று வரி வரியாகப் பதில் வந்துகொண்டே இருந்தது. வெறும் குடோனில் தனியாக நின்று கைதட்டினேன்.

திங்கட்கிழமை பதில் இல்லை.

"என்னத்தா, ஒங் காத்துக்கு இன்னிக்கு லீவா?" என்றார் லோடுமேன் தலைவர்.

கார்டு, டிரைவர், ஆன்டெனா, இரும்பு ஷட்டர் என்று சந்தேகப்பட வேண்டியவற்றைத் தாளில் எழுதி, ஒவ்வொன்றாகச் சோதித்து அடித்தேன். எல்லாவற்றையும் அடித்த பிறகும் சிக்னல் இல்லை. மத்தியானம் கேரளா லாரி வந்தது. அன்று காலை குடோனில் அடுக்கியிருந்த மூட்டைகளை அதில் ஏற்ற ஏற்ற அடுக்கு இறங்கியது. திரையில் சிக்னல் எண் மெதுவாக ஏறியது. ஒரு வரிசை இறங்கினால் கொஞ்சம் ஏறும். இன்னொரு வரிசை, இன்னும் கொஞ்சம். நான் லாரியைப் பார்க்காமல் திரையைப் பார்த்தே எத்தனை வரிசை மிச்சம் என்று சொல்லியிருப்பேன்.

வெங்காயம் என்பது தோலுக்குள் கட்டிவைத்த தண்ணீர். தண்ணீர் இந்த அலைகளைக் குடித்துவிடும் என்று பாடத்தில் படித்திருந்தேன். கூரை உயரத்துக்கு அடுக்கிய சின்ன வெங்காயத்துக்குப் பின்னால் கணினியை வைத்தால் என்ன ஆகும் என்று எந்தப் பாடத்திலும் இல்லை. பால்பவுடர் டப்பாவில் ஓட்டை போட்டு ஓர் ஆன்டெனா செய்தேன். அதைக் குடோன் முகப்பில், எந்த அடுக்கும் எட்டாத உயரத்தில், கூரைச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டச் சொன்னேன். ஏணி பிடித்த லோடுமேன் தலைவர், "பிள்ளை குடிச்ச டப்பாவா, புதுசா?" என்று கேட்டார். "அக்கா பிள்ளை குடிச்சது," என்றேன். "அப்பச் சரி, ராசியாத்தான் இருக்கும்."

குடோன் நிறைந்திருந்தாலும் சிக்னல் விழாமல் நின்றது. எடை சாலையைத் தாண்டிப் பறந்தது. சீட்டுப் பேச்சு அடங்கியது. அது என் முதல் வெற்றி. ஆனால் அந்த வெற்றியில் ஓர் ஓட்டை இருந்தது. காற்றில் போவதை வெளியாள் படிக்காமல் காக்க, அந்தக் கார்டின் டிரைவருக்குத் தெரிந்த ஒரே பூட்டு டபிள்யூ.இ.பி. என்ற பழைய முறை. அது நோஞ்சான் பூட்டு. பொருத்திய அன்றே முதலாளியிடம் சொன்னேன், இது தற்காலிகம், வேறு கார்டு வேண்டும் என்று. "தீவாளி கழியட்டும்," என்றார்.

இங்கே மண்டியின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் மண்டியில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். முதலாளி தோளில் கிடக்கும் துண்டை எடுத்து வியாபாரியின் கைமேல் போடுவார். துண்டுக்கு அடியில் விரல்கள் பேசும். ஒரு விரலைப் பிடித்தால் ஒரு கணக்கு, இரண்டைச் சேர்த்துப் பிடித்தால் இன்னொரு கணக்கு. சுற்றி நிற்பவர்களுக்கு இரண்டு பேரின் முகம் மட்டும்தான் தெரியும். எந்த வியாபாரிக்கு என்ன விலை என்பது அந்த வியாபாரிக்கும் முதலாளிக்கும் மட்டும் தெரிந்த விஷயம். ஒருவருக்குக் கொடுத்த விலை மற்றவருக்குத் தெரிந்தால் மறுநாள் மண்டியில் யாரும் துண்டுக்குள் கையை நீட்ட மாட்டார்கள். துண்டுக்கு அடியில் முடிந்த அந்த விலையைத்தான், சாயங்காலம் நான் கணினியில் ஏற்றிக் குடோனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

தீபாவளி கழிந்தது. அடுத்த மண்டிக்காரர் டீ கிளாஸோடு எங்கள் வாசலுக்கு வந்தார். ஒட்டன்சத்திரம் பக்கத்து ஆள். எதையும் பணிவாகச் சொல்லியே குத்துவார்.

"ஏனுங்க முதலாளி, நேத்து தேனி யாவாரிக்குக் கொஞ்சம் எறக்கிக் குடுத்துட்டீங்களாட்ட இருக்குதுங்க?"

முதலாளியின் கை துண்டைத் தொட்டது. "யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலீங்க. நம்ம மாப்ள லீவுக்கு வந்திருக்காருங்கல்ல, கோயமுத்தூர்ல கம்ப்யூட்டர்லதான் இருக்காருங்க. மடியில ஒரு பொட்டிய வச்சுட்டு உக்காந்தாருங்க. உங்க மண்டி உள்ளார தெரியுதுன்னாருங்க. நான் பாக்க வேண்டாம்னுதானுங்க சொன்னேன்." ஒரு வாய் டீ குடித்தார். "பாத்துட்டு சொன்னேனுங்க."

அவர் நல்லவர்தான். வேறு ஆளாக இருந்தால் நேராக மற்ற வியாபாரிகளிடம் போய்ச் சொல்லியிருப்பார். எங்களிடம் வந்து சிரித்திருக்க மாட்டார். ஆனால் முதலாளி சிரிக்கவில்லை. அடுத்த மண்டிக்காரர் போன பிறகு என்னைப் பார்த்தார்.

"அம்புட்டும் தெரியுதாம்த்தா. நாப்பது வருசமா துண்டு போட்டு மூடுனது."

"பூட்டு நோஞ்சான்னு சொன்னேங்கய்யா."

"சொன்ன. இல்லைங்கல. அந்தக் காத்துப் பெட்டியக் கழட்டிரு. சீட்டே போதும்."

நான் கழற்றவில்லை. ஒரு நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு, எங்கள் நெட்வொர்க்கையே அவர் கண் முன்னால் உடைத்துக் காட்டினேன். குடோனுக்கும் அலுவலகத்துக்கும் போகும் பேச்சை ஒட்டுக்கேட்டுச் சேர்க்கும் நிரல் ஒன்று. சேர்த்ததிலிருந்து சாவியைக் கணக்குப் போட்டு எடுக்கும் நிரல் இன்னொன்று. அவர் வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் சாவி திரையில் வந்து நின்றது. "இதுதான் பழைய பூட்டு. மாப்பிள்ளை கெட்டிக்காரர் இல்லைங்கய்யா, பூட்டுதான் மோசம். புதுசா டபிள்யூ.பி.ஏ.ன்னு ஒண்ணு இருக்கு. அதுக்கு இந்த வித்தை செல்லாது. கார்டு மதுரையில கிடைக்கும்."

திண்டுக்கல்காரரிடம் பூட்டைப் பற்றிப் பேசினால் காது கொடுப்பார். கொஞ்ச நேரம் மென்றார்.

"சரி, வாங்கிட்டு வா. ஆனா ஒண்ணு. அந்த மாப்ளையவே வந்து தெறந்து பாக்கச் சொல்லுவேன். தெறந்துட்டாருன்னா பெட்டி எறங்கிரும். பெறகு என்ட்டப் பேசக்கூடாது."

அந்த வாக்கியத்தில் என் பெங்களூர் ரயில் இருந்தது. சரி என்றேன்.

மதுரைக்குப் போய் லினக்ஸில் ஒழுங்காக ஓடும் கார்டுகளாகப் பார்த்து வாங்கி வந்தேன். இந்த முறை எதையும் தற்காலிகம் என்று விடவில்லை. தேவையில்லாத சேவைகள் அனைத்தையும் நிறுத்தினேன். குடோன் கணினி தவிர வேறு எது கதவைத் தட்டினாலும் பதில் சொல்லாதபடி ஃபயர்வாலில் விதிகள் எழுதினேன். விலைக் கோப்பு இனி வெறுமனே போகாது. ஒவ்வொரு முறையும் தனியாகக் குறியாக்கம் செய்யப்பட்டுப் போகும்; இரண்டு கணினிகளுக்கு மட்டும் தெரிந்த தனிச் சாவிதான் அதைத் திறக்கும். ஒருவர் வாசலைத் தாண்டினாலும் அறைக்குள் நுழையக் கூடாது என்பது கணக்கு. எல்லாம் முடிந்து கடைசியாக ஒன்று மிச்சம் இருந்தது: வாசலுக்கான கடவுச்சொல்.

"கடை என்னுது. அத நாந்தான் போடுவேன்," என்றார் முதலாளி.

நீளமாக இருக்க வேண்டும், எழுத்தும் எண்ணும் கலந்திருக்க வேண்டும், பிள்ளைகள் பெயர் கூடாது என்றேன். "எனக்குத் தெரியாதாத்தா?" என்றார். ஒரு விரலால், எழுத்து எழுத்தாகத் தேடித் தட்டினார். எங்கள் ஊரில் ஒருவர் கடைக்குப் பூட்டுப் போடும்போது பக்கத்தில் இருப்பவர் வேறு பக்கம் பார்ப்பது மரியாதை. நான் ஜன்னலைப் பார்த்தேன். குடோனுக்கும் வந்து அதையே தட்டினார். அப்போதும் நான் வெங்காயத்தைப் பார்த்தேன்.

மறுநாள் காலை, வியாபாரம் முடிந்து சந்தடி அடங்கிய நேரம். அடுத்த மண்டிக்காரர் மாப்பிள்ளையோடு வந்தார். மாப்பிள்ளை மடிக்கணினியை எடைமேடைமேல் வைத்து, எனக்கு வணக்கம் சொல்லி, வேலையைத் தொடங்கினார். லோடுமேன்கள் மூட்டைகள்மேல் ஏறி உட்கார்ந்தார்கள். ஒட்டுக்கேட்டார். சேர்த்தார். ஆங்கில அகராதி முழுவதையும் ஒவ்வொரு சொல்லாக எங்கள் கதவில் போட்டுப் பார்த்தார். பெயர்களைப் போட்டுப் பார்த்தார். திரையில் வரிகள் ஓடின, ஓடின. சாவி வரவில்லை.

"மேடம், இது நல்லா டைட்டா இருக்கு," என்றார் கடைசியில். கையைத் தூக்கிவிட்டார். லோடுமேன்கள் விசில் அடித்தார்கள். எனக்குக் கன்னம் சூடானது.

அடுத்த மண்டிக்காரர் எழுந்திருக்கவில்லை. அவர் சாய்ந்திருந்த மூட்டையைத் திரும்பிப் பார்த்தார். தடவினார். பிறகு எங்கள் முதலாளியைப் பார்த்தார்.

"ஏனுங்க மாப்ள, சும்மா இதைப் போட்டுப் பாருங்க." மூட்டைமேல் அச்சுத் தகடு வைத்துக் கறுப்பு மையால் அடித்திருந்ததை வாசித்தார். மண்டியின் மார்க்கா, சரக்குக்கு அடையாளமாக மூன்று ஆங்கில எழுத்து. அதற்குக் கீழே கடையின் போன் நம்பர். "இடைவெளி இல்லாம போடுங்க."

மாப்பிள்ளை தட்டினார். இணைந்தது.

குடோன் முழுவதும், தரையிலிருந்து கூரை வரைக்கும், ஒவ்வொரு மூட்டையிலும் எங்கள் கடவுச்சொல் அச்சடித்திருந்தது. முந்தின நாள் கிளம்பிய லாரியில் அது கேரளா போயிருந்தது. அதற்கு முந்தின நாள் தஞ்சாவூர்.

"எழுத்தும் இருந்துச்சு, நம்பரும் இருந்துச்சு," என்றார் முதலாளி மெதுவாக, என்னிடம் இல்லை, மூட்டையிடம்.

"எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

"எம் மெயில் பொட்டிக்கு நானும் அதானுங்க வச்சிருக்கேன், நம்ம மார்க்காவும் போன் நம்பரும். யாவாரிக்கு வேற என்னங்க ஞாபகம் இருக்கும்?"

மூட்டைகளின் மேலிருந்து சிரிப்பு வெடித்தது. முதலாளியின் முகம் கறுத்தது. "எறக்குத்தா பெட்டிய," என்றார்.

அந்த நேரத்தில் நான் குரலை உயர்த்தியிருந்தால் காரியம் கெட்டிருக்கும். மாப்பிள்ளையிடம் திரும்பினேன். "உள்ளே வந்துட்டீங்க சார். நேத்து விலை என்னன்னு படிங்க."

அவர் தேடினார். குடோன் கணினியைத் தட்டினார். அது வாயைத் திறக்கவில்லை. அலுவலகக் கணினியைத் தட்டினார். நேற்றைய விலைக் கோப்பை நான் மறுபடி அனுப்ப, அது பறப்பதைப் பிடித்தார். பிடித்தது வெறும் கிறுக்கல். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "இல்லைங்க மாமா. வாசலுக்குள்ள வந்தாச்சு. ஆனா அறை அறையா பூட்டி வச்சிருக்காங்க. ஒண்ணும் தெரியல."

"தேனி யாவாரி?" என்றார் முதலாளி.

"தெரியலீங்க."

நான் முதலாளியிடம் சொன்னேன். "பூட்டுல குத்தம் இல்லைங்கய்யா. சாவியத்தான் லாரி லாரியா அனுப்பிட்டோம். இன்னொரு சொல்லு நான் போடுறேன். யாருக்கும் ஞாபகம் வராத சொல்லு. எழுதி உங்க இரும்புப் பெட்டியில வைக்கிறேன். பெட்டிச் சாவி உங்ககிட்டதான இருக்கு. இப்பவே, இவங்க எல்லாரும் இருக்கும்போதே போடுறேன். பிறகும் திறந்துட்டாங்கன்னா நானே ஏணி வச்சு டப்பாவைக் கழட்டுறேன்."

அவர் என்னையும் மூட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தார். நான் கணினி முன்னால் உட்கார்ந்தேன். எல்லோரும் கழுத்தை நீட்டினார்கள். விசைப்பலகையில் கை வைத்தேன். எனக்கு மட்டும் தெரிந்த நீளமான ஒரு வாக்கியத்தை மனதில் வைத்து, அதன் ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தையும் எடுத்து, நடுநடுவே எண் கலந்து தட்ட வேண்டும்.

அப்போது என் கைகளின்மேல் ஏதோ விழுந்தது. முதலாளியின் துண்டு. விசைப்பலகையையும் என் இரண்டு கைகளையும் முழுதாக மூடிவிட்டு, அவர் திரும்பி நின்று ஜன்னலைப் பார்த்தார்.

அந்த மண்டியில் அதுவரை ஒரு பெண்ணின் கை துண்டுக்கு அடியில் போனதில்லை. துண்டில் வெங்காய வாசமும் வெற்றிலை வாசமும் இருந்தன. விசைகளைப் பார்க்காமல் தட்ட எனக்குத் தெரியும். மண்டியில் சேர்வதற்கு முன்பு கொஞ்ச நாள் கம்ப்யூட்டர் சென்டரில் அதைத்தான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். நிதானமாகத் தட்டினேன்.

"முதலாளி துண்டப் போட்டுட்டாரு," என்றார் லோடுமேன் தலைவர். "வெலை படிஞ்சிருச்சுப்பா."

அலுவலகத்துக்குப் போய் அங்கேயும் அதே துண்டுக்கு அடியில் தட்டிவிட்டு வந்தேன். பிறகு மாப்பிள்ளை உட்கார்ந்தார். இந்த முறை அவருக்கு உதவ மாமனாரும் சேர்ந்துகொண்டார். எங்கள் முதலாளியைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. லாரி நம்பர். பழைய லாரி நம்பர். குலசாமி பெயர். பெண் கொடுத்த ஊர். கடை தொடங்கிய வருஷம். முதலாளி சின்ன வயதில் வளர்த்த காளையின் பெயர்கூட வந்தது; "அத எதுக்குய்யா இங்க இழுக்குற?" என்று முதலாளியே சிரித்துவிட்டார். ஒவ்வொன்றுக்கும் கதவு மாட்டேன் என்றது. மாட்டேன் என்று அது சொன்ன ஒவ்வொரு முறையும் மூட்டைகளின் மேலிருந்து ஒரு சத்தம் எழுந்தது, ஜல்லிக்கட்டில் மாடு பிடிபடாமல் போகும்போது எழுமே, அந்தச் சத்தம். சாப்பாட்டு நேரம் வந்தது. மாப்பிள்ளை மடிக்கணினியை மூடினார்.

"முடியாதுங்க மாமா. சாப்புடப் போலாம்."

முதலாளி துண்டை உதறித் தோளில் போட்டார். பால்பவுடர் டப்பாவை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். "அது அங்கயே இருக்கட்டும்," என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அது போதும்.

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னபோது, அவர் முதலில் கேட்டது, "அந்தக் காளை பேரு என்ன?" தை மாதமும் வந்தது, போனது. பெங்களூர் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

எடுக்க நேரமும் இல்லை. துண்டு விழுந்த மறுவாரமே அடுத்த மண்டிக்காரர் எங்கள் அலுவலக வாசலில் நின்றார். கையில் டீ கிளாஸ் இல்லை.

"ஏனுங்க அம்மணி, நம்ம மண்டிக்கும் அந்த மாதிரி ஒண்ணு போட்டுக் குடுக்கணுமுங்க."

நான் முதலாளியைப் பார்த்தேன். "போயிட்டு வாத்தா," என்றார். "கூலிய மட்டும் கூடக் கேளு. என் காளையச் சந்திக்கு இழுத்த ஆளு."

அவர் குடோனில் கணினியை நிறுத்தி, எல்லாவற்றையும் வரிசையாக முடித்துவிட்டுக் கடைசி வேலைக்கு வந்தேன். "மார்க்கா கூடாது. போன் நம்பர், லாரி நம்பர், குலசாமி, மாடு, மருமகன், எதுவும் கூடாது," என்றேன்.

"அப்புறம் எனக்கு எப்படிங்க ஞாபகம் இருக்கும்?"

"இருக்கக் கூடாதுங்க. எழுதித் தாரேன், பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டிக்கங்க."

கொஞ்சம் யோசித்தார். பிறகு உள்ளே போய், மடிப்புக் கலையாத புதுத் துண்டு ஒன்றை எடுத்து வந்து, இரண்டு கையாலும் பிரித்து, விசைப்பலகையின்மேல் போட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.